எழுநூற்று எண்பத்திரண்டு ஹோம்ரன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும். திருமங்கலத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவள் வாயையும் மூடிக்கொண்டு இருந்தால் இங்கே குழாயில் தண்ணீர்கூடப் பிடிக்க முடியாது. அதனால் பக்கத்து வீட்டு வினோதாவுக்கு நடந்ததைச் சொல்லும்போது கொஞ்சம் சூடாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வினோதா உத்தனப்பள்ளிக்காரி. அவள் அம்மா கெம்பம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டி மகளை பி.காம். படிக்க வைத்தவர். படித்த பிள்ளை முதலில் ஒரு பேக்டரியில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போனாள். கொஞ்ச மாதம் வேலை, அப்புறம் 'பிரேக்' என்று வீட்டுக்கு அனுப்புவார்கள், அப்புறம் புது ஆள் மாதிரி மறுபடி சேர்ப்பார்கள். எத்தனை வருஷம் உழைத்தாலும் நீ புது ஆள்தான். அது வெறுத்துப்போய்த்தான் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மாடியில் இருக்கும் டேட்டா ஆபீசில் சேர்ந்தாள். அங்கேயும் ஒப்பந்தம்தான். ஒப்பந்த ஆட்களுக்குக் கழுத்தில் பச்சை டேக், பெர்மனன்ட் ஆட்களுக்கு நீலம். இந்த வருஷம் ஒரே ஒரு நீல டேக் உண்டு, அது வினோதாவுக்குத்தான் என்று டீம் லீடர் ராஜேஷ்குமார் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அந்த நீல டேக்குக்காகத்தான் அவள் உயிரைக் கொடுத்து வேலை செய்தாள்.

வேலை என்ன தெரியுமா? பேஸ்பால். அமெரிக்காக்காரர்கள் போனில் விளையாடும் வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுவது. அங்கே பெரிய ஆட்டக்காரர்களுக்கென்று ஹால் ஆஃப் ஃபேம் என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். அதில் இடம் பிடித்தவர் யார், எத்தனை ஹோம்ரன் (நம் ஊர் சிக்ஸர் மாதிரியாம்) அடித்தார், எந்த வருஷம் என்று, பேஸ்பால் மட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காத ஓசூர்ப் பெண்கள் கேள்வி தயாரிப்பார்கள். துணி காயப்போடும்போது வினோதா எனக்கும் சொல்வாள். "சரசக்கா, பேப் ரூத்னு ஒருத்தரு, எழுநூத்திப் பதினாலு ஹோம்ரன் அடிச்சவரு. மொதல்ல அவரு பந்து வீசறவராத்தான் இருந்தாராம்." கெம்பம்மா உள்ளேயிருந்து, "அந்த ஹால்ல சாப்பாடு எப்பிடியாம்?" என்பார். அவருக்கு ஹால் என்றால் கல்யாண மண்டபம்தான். நாங்கள் சிரிப்போம்.

சுப்ரியாவை அந்த ஆபீசில் சேர்த்துவிட்டதே வினோதாதான். மத்தூர்ப் பெண். ஹாஸ்டல் சோறு பிடிக்கவில்லை என்று வினோதாவின் டிபன் பாக்ஸில்தான் கை வைப்பாள். வேலையையும் அவளிடம்தான் கற்றுக்கொண்டாள். தொட்டதற்கெல்லாம் "அக்கா, ஒரு டவுட்டு" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் வந்த அட்டவணையில் கென் கிரிஃபி என்று ஒரே பெயர் இரண்டு வரியில் இருந்ததாம். ஒன்றில் ஜூனியர், அறுநூற்று முப்பது ஹோம்ரன். இன்னொன்றில் சீனியர், நூற்று ஐம்பத்திரண்டு. எந்த வருஷம் என்று போடவில்லை. வினோதா ராஜேஷ்குமாரிடம் கேட்டாள். அவர் இங்கே வருமுன் ஒரு பேக்டரியில் ஜூனியர் ஆபரேட்டராகச் சேர்ந்து சீனியர் ஆபரேட்டர் ஆனவர்.

"ஒரே ஆளுதாம்மா. ஜூனியரா சேந்து ப்ரமோஷன்ல சீனியர் ஆயிருப்பாரு. ரெண்டையும் கூட்டி ஒண்ணாப் போட்டுடு."

"இல்ல சார், ஜூனியரா இருக்கப்ப அறுநூத்தி முப்பது அடிச்சவரு, சீனியர் ஆனதும் ஏன் சார் இவ்ளோ கம்மியா அடிக்கிறாரு?"

"எந்த ஊர்லம்மா சீனியர் ஆனவன் வேல செஞ்சிருக்கான்?"

ஆபீசே சிரித்ததாம். வினோதாவும் சிரித்துக்கொண்டே கூட்டிப் போட்டாள். எழுநூற்று எண்பத்திரண்டு.

அவர்கள் அப்பாவும் மகனும். நாம் அப்பா பெயரில் ஓர் எழுத்தை எடுத்து இனிஷியலாக முன்னால் போட்டுக்கொள்கிறோம். அங்கே அப்பா பெயரை முழுசாக மகனுக்கு வைத்துவிட்டு, ஜூனியர் என்று பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். மகன்தான் அந்த ஹாலில் இருக்கிறார், அப்பா இல்லை. இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடி, ஒரே ஆட்டத்தில் அடுத்தடுத்து ஹோம்ரன்கூட அடித்திருக்கிறார்களாம். ராயக்கோட்டை ரோட்டில் இது யாருக்குத் தெரியும்? அங்கே ஒருவர் வாழ்நாளில் அடித்த அதிகபட்சமே எழுநூற்று அறுபத்திரண்டுதான். நம் ஆபீஸ், இல்லாத ஒரு மனிதரை அதற்கும் மேலே தூக்கி உட்கார வைத்துவிட்டது. போனில் வினாடி வினா விளையாடியவர்கள் கேலி செய்ய, வேலை கொடுத்த கம்பெனி கோபமாக மெயில் அனுப்பியது. விசாரிக்க பெங்களூரிலிருந்து மேனேஜர் வருகிறார் என்றார்கள்.

அவர் வருவதற்கு முன்னால் ராஜேஷ்குமார் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு வினோதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து இருக்கையில் சுப்ரியா.

"நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா டீமையே கலைச்சிருவாங்க வினோதா. நீயா பண்ணதா ஒத்துக்க. பச்ச டேக் பொண்ணு, தெரியாமப் பண்ணிடுச்சின்னு விட்ருவாங்க."

"சார், எனக்கு பெர்மனன்ட் வர்ற நேரம் சார்."

"அதுக்குத்தாம்மா சொல்றேன். இது சாக்ரிஃபைஸ் மாதிரி. நீதான அந்தக் கேள்விய எழுதின? சாக்ரிஃபைஸ் பண்ணா ஆவரேஜ் கொறையுமா?"

"கொறையாது சார்."

"அவ்ளோதான். உன் கணக்குல ஏறாது. நீல டேக்குக்கு நான் பொறுப்பு."

பேஸ்பாலில் அப்படி ஒன்று உண்டாம். மட்டை பிடிப்பவர் வேண்டுமென்றே பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் ஆட்டமிழந்து, ஏற்கெனவே களத்தில் நிற்கும் தன் அணிக்காரரை ஒரு கட்டம் முன்னே நகர்த்திவிடுவார். தியாகம் என்பதால் அதை அவருடைய சராசரியில் சேர்க்கமாட்டார்கள். வினோதாவுக்கு அந்த விளையாட்டின் மேல் ஒரு பிரியமே வந்திருந்தது. அதனால் அவர் சொன்னதை நம்பிவிட்டாள்.

மேனேஜர் முன்னால், "நான்தான் சார் பண்ணேன்" என்றாள். ராஜேஷ்குமார் பக்கத்திலேயே நின்று, "நான் தனித்தனியாத்தான் போடச் சொன்னேன் சார், அவசரப்பட்டுட்டா" என்றார். பாவி மனுஷன், இப்படிச் சொல்லப்போவதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பிரேக்கூட இல்லை, ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போதும் அவள் சுப்ரியாவைத்தான் மலைபோல் நம்பினாள். "நீ வேற எதுவும் சொல்ல வேணாம்டி. அன்னிக்கி உன் காதுல விழுந்தத மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லு, போதும்" என்று கெஞ்சினாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. ஏசி சத்தம்."

கொஞ்ச நாளில் நீல டேக் சுப்ரியாவின் கழுத்தில் ஏறியது. ஆபீஸ் வாசலில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று நான் கிளம்பினேன். வினோதா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "விடுங்க்கா. ராஜேஷ் சார் பண்ணதுதான் துரோகம். அவ சின்னப் பொண்ணு. நெசமாவே கேட்டிருக்காது." ஏசி சத்தமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனால் அப்படி நினைத்துக்கொண்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. அதனால் நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் இரண்டு பேரும் கீரை அலசிக்கொண்டிருந்தோம். வினோதாவின் போன் அடித்தது. சுப்ரியா. கை ஈரமாக இருந்ததால் ஒரு விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? ஒரு டவுட்டுக்கா."

நான் வாயைத் திறப்பதற்குள் வினோதா சைகையால் அடக்கினாள். அவள் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கேளுடி."

"சாக்ரிஃபைஸ் பண்ணவரு அவுட்டா இல்லையாக்கா? இங்க ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

"அவுட்தான். ஆவரேஜ்தான் கொறையாது. ஆளு வெளிய போயிடணும்."

"அப்பிடியா? ராஜேஷ் சார் அன்னிக்கி உங்ககிட்ட ஆவரேஜ் கொறையாதுன்னு மட்டும்தானக்கா சொன்னாரு. அவுட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலையே..."

 தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

வினோதா கீரைச் சட்டியிலிருந்து கையை எடுத்தாள். குரல் உயரவில்லை.

"அப்ப உனக்குக் கேட்டிருக்குடி."

"அக்கா, அது வந்து..."

வினோதா போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். நானே கீரையை வேகவைத்துக் கடைந்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்று பூண்டு நிறையத் தட்டிப் போட்டேன். அன்று அவள் சாப்பிடவில்லை.