நங்கூரத்தில் நான் போட்ட முடிச்சு

எனக்கு நீச்சல் தெரியாது. வலியசாலை அக்ரஹாரத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கோயில் குளத்தில் இடுப்பளவு நின்று முழுக்குப் போடத் தெரிந்தால் போதும் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேலை கிடைத்தது கோவளத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு நேரே நின்ற ஒரு ஹோட்டலில். ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். எந்தச் சாமானையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன், பூட்டைப் பூட்டிய பிறகு மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பேன். ஹோட்டலில் இதற்காக என்னைக் கிண்டல் செய்தார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஹோட்டலுக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு விழிஞ்ஞத்தைத் தாண்டித் தெற்கே போகும். அந்தக் கரை முழுக்கப் பாறை. இரண்டு பாறை மூக்குகளுக்கு நடுவே கடல் உள்ளே வளைந்து, குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும் இடங்கள் பல உண்டு. அப்படி ஒன்றில் நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள். விருந்தாளிகள் நீந்துவார்கள், பழம் தின்பார்கள், திரும்புவார்கள். படகை ஓட்டியவர் கன்னியாகுமரிக் கரைக்காரர். கல்யாணம் செய்துகொண்டு விழிஞ்ஞத்தோடு தங்கிவிட்டவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரைச் சேட்டா என்பேன், அவர் என்னை சாரே என்பார்.

தொண்ணூறுகளின் பின்பாதி, ஏப்ரல் கடைசி. சீசன் முடிந்துவிட்டது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் படகைக் கரையேற்ற வேண்டும். அதற்குள் ஊழியர்கள் குடும்பத்தோடு ஒரு தடவை போய் வரலாம் என்று மேனேஜர் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். என் மனைவி காதில் அது விழுந்த பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

போவதற்கு முந்தின சாயங்காலம், டிரைவர் வீட்டுக்குப் போன பிறகு, நான் தனியாகப் போய்ப் படகைச் சோதித்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை. மிதவைச் சட்டைகளின் நாடாக்களை இழுத்துப் பார்த்தேன். பிறகு நங்கூரத்தைப் பார்த்தேன். நாலு கொம்புள்ள இரும்பு நங்கூரம், மேலே ஒரு வளையம். கயிற்றை அந்த வளையத்தில் அல்லவா கட்ட வேண்டும்? இந்த மனுஷர் அடியில், கொம்புகள் பிரியும் இடத்தில் கட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தோடு வெறும் நூலால் நாலு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். பட்டம் விடுகிற நூல் மாதிரி ஒன்று. எனக்கு ரத்தம் கொதித்தது. நாளைக்கு என் மனைவி உட்காரப்போகும் படகு இந்த நூலிலா நிற்கப்போகிறது?

ஸ்டோரைத் திறந்து கட்டுக்கம்பி எடுத்து வந்தேன். குறடால் முறுக்கி, கயிற்றை வளையத்தோடு இறுக்கிக் கட்டினேன். நூலைப் பிய்த்துக் கடலில் போட்டேன். டிரைவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் நான், மனைவி, டிரைவர் என்று மூன்று பேர்தான் போனோம். புளிங்குடிப் பக்கம் ஒரு சின்ன வளைவுக்குள் நுழைந்ததும் டிரைவர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, "சாரே, நங்கூரத்த ஒண்ணு எடுத்து விடுங்க" என்றார். நானே தூக்கிப் போட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை. பின்னால் பாறை இருந்ததால் கயிற்றை அதிகம் விடாமல் கட்டச் சொன்னார்.

அரை மணி நேரம் சுகமாகப் போயிற்று. என் மனைவி முன்பலகையில் உட்கார்ந்து, தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். நான் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரசித்தேன். காற்றே இல்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை. திடீரென்று படகு ஒரு தடவை உயர்ந்து இறங்கியது. பின்னால் பாறையில் தண்ணீர் ஏறி வழிந்தது. டிரைவர் எழுந்து நின்று வெளிக்கடலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"கள்ளக்கடலாக்கும்" என்றார். காற்றும் மழையும் இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் பெருகி வரும் கடலுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். "பேடிக்காண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல. நம்ம வெளியில போயிருவம்."

எஞ்சினை ஓடவிட்டு, முன்னால் வந்து நங்கூரக் கயிற்றை இழுத்தார். கயிறு செங்குத்தாக நின்றது. அதற்கு மேல் ஒரு சாண் வரவில்லை.

"கொம்பு பாறையில சிக்கிப் பெட்டுப்போச்சு" என்றார். என் மனைவி, "ஐயோ, இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "அதுக்குத்தானே சேச்சி நூலு போட்டுக் கெட்டுறது. பலமா இழுத்தா நூலு பொட்டிரும், அறுந்துரும். பின்னெ கயிறு அடியில இருந்து இழுக்கும், நங்கூரம் தலகீழா எளகி வந்துரும்." சொல்லிக்கொண்டே கயிற்றை முன்னாலிருந்த கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினார். "அலை படகத் தூக்கும்போ தானா பொட்டும், பாருங்க."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

முதல் அலை வந்தது. படகின் பின்பக்கம் உயர்ந்தது, முன்பக்கம் உயரவில்லை. கயிறு கிறீச்சிட்டது. "பொட்டல்லையே" என்றார் அவர், கொஞ்சம் ஆச்சரியமாக. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? உன் தொழிலை உனக்குத் தெரியாமல் திருத்தினேன் என்றா? அதுவும் என் மனைவி எதிரில். கம்பி தானாக நழுவிவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை வேறு. இறுக்கி முறுக்கியவன் நான்தான் என்பது அப்போது மறந்துபோனதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது அலை இன்னும் பெரியது. முன்பக்கம் அமுங்கி, ஒரு குடம் தண்ணீர் உள்ளே விழுந்தது. பின்னால் பாறை இரண்டு ஆள் நீளம்கூடத் தள்ளி இல்லை. டிரைவருக்கு வியர்த்துவிட்டது. "நேத்து நான்தானே புது நூலு கெட்டினேன்" என்று தனக்குள் முணுமுணுத்தார். அவர் தன்னையே சந்தேகப்படுவது எனக்குக் கேட்டது. அப்போதும் நான் பேசவில்லை. பயத்தால் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை, வெட்கம்.

"இந்த அலையில பொட்டிரும், சேச்சி. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றார்.

மூன்றாவது அலை முன்பக்கத்தை அப்படியே மூடிக்கொண்டு வந்தது. என் மனைவி பிடி நழுவிக் குப்புற விழுந்தாள். தண்ணீர் வடிந்தபோது அவள் மோவாய் பிளந்து ரத்தம் கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் மண்டியிட்டு எழப் பார்த்தாள்.

"சேட்டா, அது நூல் இல்லை! கம்பி! நான் கம்பியால கட்டிட்டேன்!" என்று கத்தினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது ஒரு நொடிகூட இருக்காது. இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கயிற்றை இரண்டே வீச்சில் அறுத்தார். படகின் மூக்கு துள்ளி எழுந்தது. அதே வேகத்தில் பின்னால் பாய்ந்து எஞ்சினை முறுக்கினார். அடுத்த அலையை நேருக்கு நேர் ஏறிக் கடந்து வெளிக்கடலுக்கு வந்தோம். நான் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தேன். அப்படியே விழிஞ்ஞம் துறைமுகத்துக்குள் நுழைந்தோம்.

அங்கே கேட்டவர்களிடம் டிரைவர், "நங்கூரம் பாறையில போச்சு" என்று மட்டும் சொன்னார். ஹோட்டலிலும் அவ்வளவுதான் சொன்னாராம். என்னிடம் தனியாக, "சாரே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு கிளினிக்கில் அவளுக்கு மூன்று தையல் போட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். கிழக்கேகோட்டையில் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் கூட்டத்தைத் தாண்டிய பிறகுதான் நின்றாள். தையல் இழுத்ததால் வாயை அதிகம் திறக்காமல் பேசினாள்.

"ஏன்னா, அவர் நூலைப் பத்திச் சொன்ன ஒடனே உங்களுக்குப் புரிஞ்சுடுத்து, இல்லையா?"

"ஆமா."

"நான் விழலேன்னா சொல்லியிருப்பேளா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "இதையாவது ஒடனே சொன்னேளே" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.