கண்ணைக் கட்டிக் கற்ற எஞ்சின்

மாமல்லபுரத்தில் படகு எஞ்சின் பயிற்சிக்கு வந்தவர்கள்: நான், என் மச்சான், கடப்பாக்கத்து அண்ணன் தம்பி இருவர், சொல்லித்தர படாளத்து வாத்தியார். பரீட்சையில் தேறினால்தான் மீன்துறையில் படகுக்கு எஞ்சின் கொடுப்பார்கள். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எழுத்து வராது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் சாக்கை விரித்து, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு எஞ்சினைக் கழற்றி மாட்டிப் பழகினேன். முதல் நாள் மூன்று நட்டுகள் மீந்தன.

“இன்னா மச்சான், கண்ணாமூச்சி ஆடிகினு கீற?” என்று மச்சான் சிரித்தான்.

“இருட்டுல கடல்ல நின்னுபோச்சுன்னா நீயா வந்து வெளக்கு புடிப்ப?” என்றேன்.

மறுநாளிலிருந்து அவனே பக்கத்தில் உட்கார்ந்து, உருண்டோடிய நட்டுகளைப் பொறுக்கித் தந்தான். தன் சோறு ஆறுவதைக்கூடப் பார்க்கவில்லை.

பரீட்சையில் நான் மாட்டிய எஞ்சின் ஒரே இழுப்பில் ஓடியது. வாத்தியார் சாக்கை உதறி, மீந்த நட்டுகளை எண்ணினார்.

பூஜ்யம்.