ஸ்டெல்லா அக்காவின் சிவப்பு

மைசூரில், ஹெப்பாளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது செய்தி வந்தது. ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்த ஸ்டெல்லா அக்கா விடியற்காலையில் இறந்துவிட்டார். நான் இறங்குவதற்குள் அலுவலகக் குழுவில் அஞ்சலிகள் நிரம்பிவிட்டன. 'எல்லோரையும் அனுசரித்துப் போனவர்' என்று ஒருவர் எழுத, மற்றவர்களும் அதையே திருப்பி எழுதினார்கள். அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: அது பொய். அக்கா யாரையும் அனுசரித்துப் போகவில்லை. இறந்துபோனார் என்பதற்காக அவரை மழுக்கிவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணினியில் கணித்துப் பார்ப்பது எங்கள் வேலை. வட்டத் தொட்டியின் நடுவில் கழிவுநீரை மெதுவாக விட்டால் சகதி அடியில் படியும், தெளிந்த நீர் விளிம்பில் வழியும். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். தொட்டியிலோ, சகதி கலந்த கனத்த நீர் தரையோடு சறுக்கிப்போய்ச் சுற்றுச்சுவரில் மோதி மேலே ஏறப் பார்க்கும். "தண்ணி நம்ம டிராயிங்கப் படிச்சுட்டு வர்றதில்லம்மா" என்பார் அக்கா.

தன் தவறுகளை அவர் மறைத்ததே இல்லை. ஒருமுறை, கெல்வினில் கொடுக்க வேண்டிய வெப்பநிலையைப் பழக்கதோஷத்தில் செல்சியஸில் கொடுத்துவிட்டார்: இருபத்தைந்து. கணினிக்கு அது பனிக்கட்டியையும் மிஞ்சிய குளிர். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவரே எழுந்து நின்று, "மைசூர்ச் சாக்கடை மொத்தத்தையும் உறைய வச்சுட்டேன், யாருக்காவது குச்சி ஐஸ் வேணுமா?" என்று கத்தினார். உடனே வாடிக்கையாளருக்கும் போன் செய்து முடிவுகளைத் திரும்பப் பெற்றார். "தப்பு பண்ணினா சத்தமா சொல்லணும். அப்பத்தான் சரின்னு சொல்றப்பவும் நம்புவாங்க."

பிறகு ஒரு சிறு நகரத்தின் தொட்டி வந்தது. செலவைக் குறைக்க உள்ளே இருக்க வேண்டிய தடுப்புச் சுவரை நீக்கிவிட்டிருந்தார்கள். அக்காவின் கணிப்பில் சகதி விளிம்பைத் தாண்டி வழிந்தது. திரையில் அது சிவப்பு. வழிவதெல்லாம் ஊர் ஏரிக்குப் போகும். மேலாளர் வந்து பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் குழைந்தார்.

"மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. கலர் ஸ்கேலை மாத்தினா ரெட் எல்லாம் புளூ ஆயிடுமே?"

கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். மைசூரில் பஸ் இருக்கை முதல் கல்யாணப் பந்தி வரை எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிற வாக்கியம் அது.

"படம் நீலமாகும் சார். தொட்டி ஆகாது."

"ஏரிக்கரை ஜனங்க ரிப்போர்ட் படிக்கிறாங்களா மேடம்?"

"படிக்க மாட்டாங்க. மூக்கப் பிடிச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டு அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடவில்லை. தடுப்புச் சுவரைச் சேர்த்து இன்னொரு கணிப்பு ஓட்டி, எவ்வளவு சிறிய சுவர் எங்கே இருந்தால் போதும் என்று காட்டினார். அதை யாரும் பார்க்கவில்லை. அறிக்கை நின்றுபோனது. அக்காவைக் குழாய் வரைபடப் பிரிவுக்கு மாற்றினார்கள். கான்டீனில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது, "ஏம்மா, மாத்தினது என்னையா உன்னையா?" என்று கேட்டு என் தட்டிலிருந்த மத்தூர் வடையை எடுத்துக் கடித்தார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் மேலாளர் என் மேசைக்கு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அவர் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "அந்த ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு? பாவம், அவங்களும் இல்லை... கலரை மட்டும்..." என்றார். ஆள் போய்விட்டால் அவர் சொன்ன 'முடியாது'ம் கூடவே போய்விடும் என்று நினைத்திருக்கிறார்.

சுவர் இல்லாத கணிப்பு, சுவர் உள்ள கணிப்பு இரண்டையும் ஒரே நிற அளவுகோலில் அறிக்கையில் வைத்தேன். கணித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். மேலாளருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒன்றாகவே அனுப்பினேன்.

"நீங்களும் அவங்க மாதிரியா?" என்று கேட்டார் மேலாளர்.

"ஆமா சார்."

இனி என்னை எந்தப் பிரிவுக்கு வேண்டுமானாலும் அனுப்பட்டும். அக்காவின் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. அவர் ஓட்டிய கணிப்பை மட்டும் வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் திறந்து காட்டுவேன். சகதி தரையோடு சறுக்கும், சுவரில் மோதி ஏறும், விளிம்பைத் தாண்டும். சிவப்பாகத்தான் தாண்டும்.