உளுந்து அடித்த பாலைவன டயர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பங்குனி மாதத்துக் காலை. திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், கொரடாச்சேரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நானும் என் மனைவியின் தம்பியும் ஒரு வீட்டோடு போய்க்கொண்டிருந்தோம். வீடு என்றால் வீடேதான். மடக்குக் கட்டில், அலமாரி, அடுப்பு மேடை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, முன்னால் வேளாங்கண்ணி மாதா படம். அடியில் நான்கு சக்கரம் மட்டும் கூடுதல்.

அந்தச் சக்கரங்கள்தான் கதை.

கீழ்வேளூர் பக்கத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போய்ப் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கிருந்து திரும்புகிறவர்கள் டேப் ரெக்கார்டர், புலி போட்ட போர்வை, கோடாலித் தைலம் என்று கொண்டு வருவார்கள். நான் கப்பலில் நான்கு டயரும் அதற்கான ரிம்மும் போட்டு அனுப்பினேன். பெட்டியைப் பிரித்த அன்று உறவுக்காரர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டயருக்கு உள்ளே ஏதாவது இருக்குமென்று கடைசிவரை நம்பியவர்களும் உண்டு.

அங்கே வெள்ளிக்கிழமைகளில் வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு மணல்மேட்டில் வண்டியை ஏற்றி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்துத் தூங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் ராணுவம் ஏலத்தில் கழித்த ஒரு பழைய வேனைப் பிடித்தேன். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. கும்பகோணத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில் விட்டு வீடாக மாற்றினேன். எங்கள் தெருவில் அது நின்ற முதல் நாள் இரண்டு பெண்கள் கைக்குழந்தையோடு வந்து, தடுப்பூசி எப்போது போடுவீர்கள் என்று வரிசையில் உட்கார்ந்தார்கள். என் மனைவி அதற்குள் கால் வைக்கவே மறுத்துவிட்டாள். வீடு வாசல் இருக்கும்போது ரோட்டோரம் படுக்க நமக்கு என்ன தலையெழுத்து என்பது அவள் கட்சி.

வண்டியோடு வந்த டயர் ஒல்லியாக, உயரமாக இருந்தது. ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம். சைக்கிள் டயருக்குச் சித்தப்பா மாதிரி. நான் கொண்டு வந்ததோ பத்தரை அங்குல அகலம். ரிம் பதினைந்துதான், ஆனால் டயர் நின்றால் மொத்த உயரம் முப்பத்தொரு அங்குலம். தஞ்சாவூரில் டயர் கடைக்காரர் அதை உருட்டிப் பார்த்தார்.

"சார், இது டயரா, ரோடு ரோலர் சக்கரமா?"

"மாட்டுங்க, சொல்றேன்."

மாட்டினார். டயர் மட்கார்டுக்கு வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே ஸ்பிரிங் பட்டையில் உரசியது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார், விரல் சிக்கிக்கொண்டது. உருவியெடுத்து ஊதிக்கொண்டே சொன்னார். "பழசே நல்லா இருந்திச்சு. ஆசப்பட்டுட்டீங்க. ஒண்ணு மட்டும், ரோட்ல வைக்கோலு, செத்தை கூளம் எதும் கெடந்தா பாத்துப் போங்க. இடுக்குல சுத்திக்கிட்டு, ஒரசி, சூடேறி..." வாக்கியத்தை முடிக்காமல் ஐந்து விரலையும் தீ எழும்புகிற மாதிரி மேலே விரித்துக் காட்டினார்.

அந்த ஐந்து விரல் என் தூக்கத்தில் வந்தது. ஆனாலும் டயரை மாற்றவில்லை. டயர் ஓரத்து வெள்ளை எழுத்து தெரிகிற மாதிரி தினமும் துடைத்தேன்.

அப்போதுதான் மச்சினனுக்கு மஸ்கட் விசா வந்தது. ஏஜெண்டுகளின் வாசலில் இரண்டு வருஷம் காத்துக் கிடந்தவன். திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து மஸ்கட். விசாவின் கெடு முடியப்போகிற சமயம். மதியம் கிளம்பும் இந்த விமானத்தை விட்டால் அடுத்ததற்குள் விசா செத்துப்போகும். மாமியார் வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டில் இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு வாடகைக் காரா என்று நான் குதித்தேன். மாமியார் என்னையும் பார்த்தார், டயரையும் பார்த்தார். பிறகு பெரிய மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொண்டு வந்து அலமாரியில் வைத்து, மாதாவிடம் மகனை ஒப்படைத்தார். என்னிடம் ஒப்படைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

கொரடாச்சேரி தாண்டியதும் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உளுந்துச் செடி.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. நெல் அறுத்த வயலில் உளுந்து வரும். பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று வெடித்து உளுந்து கொட்டும். களத்துக்கும் செலவில்லை, அடிப்பதற்கும் ஆள் வேண்டாம். சிறுவயதிலிருந்து பார்த்த காட்சி. எனக்கு முன்னால் போன பஸ் அதன்மேல் சாவதானமாக ஏறிப் போனது. நீளக் கழியால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், தலையில் துண்டு கட்டிய அக்கா, "வாங்க, வாங்க, ஏத்துங்க" என்று கையை வீசினார்.

அந்தக் கையில் எனக்குத் தெரிந்தது டயர் கடைக்காரரின் ஐந்து விரல்.

இறங்கி, "அக்கா, கொஞ்சம் ஒதுக்குறீங்களா?" என்று கேட்டிருக்கலாம். பதற்றம் வந்தவனுக்கு வாய் வேலை செய்யாது, வீரம் மட்டும் வேலை செய்யும். இடது பக்கம் வாய்க்கால் கரை தெரிந்தது.

"மாப்ள, நாலு சக்கரமும் இழுக்குற வண்டிக்கு ரோடு எதுக்கு?"

"வேணாம் மச்சான். எல்லாரும் அதுமேலதான போறாங்க."

அதற்குள் இறக்கிவிட்டேன்.

இரண்டு நாளைக்கு முன் கோடை மழை பெய்திருந்தது. மேலே காய்ந்து பாளம் வெடித்திருந்த கரை, உள்ளே இட்லி மாவு. சிறிது தூரம் கம்பீரமாகப் போன வண்டி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, உட்கார்ந்தது. நான்கு சக்கரத்தையும் இழுக்கவிட்டேன். நான்கும் மிகுந்த ஒற்றுமையோடு ஒரே இடத்தில் சுற்றின.

மச்சினன் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

நான் அனுபவசாலி அல்லவா? மணலில் வண்டி புதைந்தால் அங்கே என்ன செய்வோம்? டயரில் காற்றைக் குறைப்போம். டயர் தட்டையாகிப் பரந்து மணல்மேல் மிதக்கும். குனிந்து ஒவ்வொரு டயராகக் காற்றைப் பிடுங்க ஆரம்பித்தேன். ரோட்டிலிருந்து விமரிசனம் காதில் விழுந்தது.

"ஏண்டி, அந்தாளு டயர்ல என்னத்த நோண்டுறாரு?"

"காத்தப் புடுங்குறாரு."

"மாட்டிக்கிட்ட வண்டிக்கு யாராச்சும் காத்தப் புடுங்குவாங்களா? கிறுக்கா?"

மணல் வேறு, களிமண் வேறு. மணலில் மேலே மிதக்க வேண்டும். நம் ஊர்ச் சேற்றிலோ, ஒல்லி டயர் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்கி, அடியில் கெட்டித் தரையைப் பிடிக்கும். என் தடி டயர் மிதக்கவும் இல்லை, இறங்கிப் பிடிக்கவும் இல்லை. டயரின் பட்டன் பட்டனான மேடுகளுக்கு நடுவிலெல்லாம் களிமண் அடைத்துக்கொண்டு கொழுக்கட்டையாகி வழுக்கியது. இதெல்லாம் இன்றைய ஞானம். அன்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கி, வயிற்றைக் கரையில் வைத்துப் படுத்தது.

பதறினால் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தி. நான் பின்னால் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"மச்சான், என்ன பண்றீங்க?"

"டீ."

"இப்பவா?"

அவன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் பாலைத் தேடினேன். பால் வேறு இல்லை.

தலையில் துண்டு கட்டிய அக்கா கழியோடு இறங்கி வந்தார். "ஆஸ்பத்திரி வண்டியா?"

"இல்லக்கா. வீடு."

அவர் திரை, கட்டில், எரிகிற அடுப்பு எல்லாவற்றையும் பார்த்தார். மேற்கொண்டு கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தவர் போல மச்சினன் பக்கம் திரும்பினார். "தம்பி ஏன் கண்ணு கலங்குறீங்க? எங்க போவணும்?"

"திருச்சிக்குக்கா. ப்ளேன் புடிக்கணும். விட்டா விசா போயிரும்."

அக்கா ரோட்டுக்கு ஏறி, உளுந்தின் நட்டநடுவே போய் நின்றார். உளுந்து கிடக்கிற இடத்தில் எந்த வண்டியும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். முதலில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டார். ஊர் ஊராக நின்று போகுமாம். அடுத்து ஒரு கார். உள்ளே ஒரு குடும்பமே அடைந்திருந்தது, மடியில் ரோஜா மாலையோடு. வளைகுடாவிலிருந்து வரும் மகனை அழைத்துவர அதே விமான நிலையத்துக்குப் போகிறார்கள்.

"இந்தத் தம்பியும் ப்ளேனுக்குத்தான்யா. ஏத்திக்கிட்டுப் போங்க."

"எங்கம்மா ஏத்துறது? எங்களுக்கே எடமில்ல" என்றார் முன்சீட்டுப் பெரியவர்.

"ஒங்க புள்ள வாற நேரம், அடுத்தவன் புள்ளைய வுட்டுட்டா போவீங்க? எடமில்லன்னா நீங்க எறங்கி உளுந்தத் திருப்புங்க. திரும்பி வாறப்ப ஏறிக்கலாம்."

கழி நடுரோட்டில் குறுக்கே நின்றது. கார் ஒரு நிமிஷம் யோசித்தது. ஒரு பெண் குழந்தை யார் மடிக்கோ மாறியது. மச்சினன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே திணிந்தான். கதவு சாத்திய பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "மச்சான், அடுப்ப அணைங்க" என்றான். ஊரைவிட்டுப் போகிறவன் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அடுப்பை அணைத்தேன். அப்போதுதான் அலமாரியில் ஊறுகாய் பாட்டில் கண்ணில் பட்டது.

பிறகு எல்லாப் பெண்களும் இறங்கினார்கள். பக்கத்து வைக்கோல் போரிலிருந்து அள்ளி வந்து சக்கரத்தடியில் திணித்து, பின்னாலிருந்து தள்ளினார்கள். எந்த வைக்கோலுக்குப் பயந்து கரையில் இறங்கினேனோ, அதையே கடித்துக்கொண்டு வண்டி மேலே ஏறியது. உள்ளே சுற்றியதையெல்லாம் உருவிப் போட்டார்கள். ஆனால் டயரில் காற்று அரைவயிறு. கையில் பம்பும் இல்லை. அங்கே மூலைக்கு மூலை பெட்ரோல் பங்க்கில் அடித்துப் பழகியவன் பம்ப் எதற்கு வாங்குவான்?

"காத்து கெடக்கட்டும்" என்றார் அக்கா. "இந்த உளுந்து மேல நாலு தடவ போய்ட்டு வாங்க. மேக்கால மேகம் கட்டுது பாருங்க. நனைஞ்சா இந்த வருச உளுந்து அம்புட்டுத்தான்."

"அக்கா, தீப்புடிச்சிரும்னு..."

"இதுக்குப் பயந்தா வாய்க்கால்ல எறங்குனீங்க? கேட்டிருந்தா ஓரமா ஒதுக்கி விட்டுருப்போமே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் வாய்க்காலிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு வந்து, எரிந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்று வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இடுக்கில் ஏறிய செத்தையைக் கழியால் குத்தி எடுத்தாள். நான் மாட்டுவண்டி வேகத்தில் போவதும் வருவதுமாக இருந்தேன். கொஞ்சம் புரட்டிப் பார்த்த அக்கா ஓர் உள்ளங்கை உளுந்தை அள்ளிக்கொண்டு வந்தார்.

"இத பாருங்களேன். லாரி ஏறுனா பாதிக்குப் பாதி ஒடஞ்சி பருப்பாப் போவும். இது முழுசு முழுசா வருது!"

காற்றில்லாத, அகலமான, பொதபொதவென்ற டயர். நெற்றை நசுக்கியது, உளுந்தை உடைக்கவில்லை. கடல் தாண்டி வந்த டயருக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது. மதியம் அவர்கள் பழைய சோறு கொடுத்தார்கள், நான் ஊறுகாயைத் திறந்தேன். மாமியார் மகனுக்குப் போட்ட ஊறுகாய் தஞ்சாவூரைக்கூடத் தாண்டவில்லை. மேகம் தலைக்கு மேலே வருவதற்குள் தூற்றி, மூட்டை கட்டிக் கரையேற்றிவிட்டார்கள். காற்றடிக்கும் பம்புக்கு ஆள் அனுப்பிவிட்டுத் தூறலில் காத்திருந்தேன்.

பம்ப் வருவதற்குள் அந்தக் கார் திரும்பி வந்தது. முன்சீட்டுப் பெரியவர் தலையை நீட்டி, "தம்பி உள்ள போயிட்டாருங்க. டாட்டா காட்டுனாரு" என்றார். நான் டயரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் மாலையோடு பின்னாலிருந்து இறங்கிய இளைஞர் டயரைத் தட்டிப் பார்த்தார்.

"பாலைவனத்துல ஓடுற டயராச்சே. இங்க எப்படிங்க?"

"உளுந்து அடிக்கக் கொண்டாந்தேன்" என்றேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் தலைத்துண்டு அவிழ்ந்தது.

அந்த வாரமே பழைய ஒல்லி டயரை மாட்டச் சொன்னேன். கடைக்காரர் மட்கார்டுக்குள் இரண்டு கையையும் தாராளமாக விட்டு ஆட்டிக் காட்டினார். அடுத்த பங்குனியில் கொரடாச்சேரியிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்து, உளுந்து அடிக்கிற வண்டி இங்கேதானா என்று கேட்டார். தடுப்பூசி வண்டியைவிட அது மேல் என்றாள் என் மனைவி. தடி டயரை மறுபடி மாட்டி, காற்றைப் பாதி பிடுங்கி, போய் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா கொடுத்தனுப்பிய உளுந்தில் மாமியார் இட்லி சுட்டார். சாப்பிட்டுவிட்டு, ஊறுகாயைப் பற்றி மட்டும் கேட்டார்.

இன்றும் வழியில் எதையாவது கண்டு பயந்து, பக்கத்தில் புத்திசாலித்தனமான ஒரு கரை தெரியும்போதெல்லாம், வண்டியை நிறுத்தி முதலில் எதிரே நிற்பவரிடம் "போகலாமாக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். அன்று அந்த ஒரு கேள்வியை விழுங்கியவனுக்காகத்தான் முன்பின் தெரியாத ஒருத்தி நடுரோட்டில் கழியோடு நிற்க வேண்டியிருந்தது.