கையில் இருந்த பத்து நிமிடம்

போன வருடம் ஆவணி மாதம், ஆரணியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. இடிமழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்றின் முகப்பில் அலைகளும் சுழிப்புகளும் எப்படி எழுகின்றன என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு. அதற்காகக் காற்றழுத்தம் அளக்கும் கருவியை மாடியில் நிறுத்தியிருந்தேன். மூன்று வாரமாகியும் ஒன்றும் சிக்கவில்லை! குரங்கு ஒயரைப் பிடுங்கியது. அம்மா கருவிக் கம்பத்தில் ஈரப்புடவையைக் காயப்போட்டாள். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் மழை வருமா என்று கேட்டே என் உயிரை எடுத்தார்கள்.

அன்று காலையில் தூறல். அதனால் எதிர்வீட்டு நெசவாளர் அண்ணன் பாவு போடுவதை மதியத்துக்குத் தள்ளியிருந்தார். சேலையின் நீள இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவிடுவார்கள். காய்வதற்குள் காற்றடித்தால் பட்டு முழுக்க ஒட்டிச் சிக்காகிவிடும்.

"இன்னாம்மா சயின்டிஸ்டு, உன் டப்பா இன்னா சொல்லுது? கட்லாமா?"

"மழையெல்லாம் போளூர்ப் பக்கம்தாண்ணா. தாராளமா கட்டுங்க."

மழையை மட்டும் பார்த்துச் சொன்னேன். முகப்பு மழையை விட்டு எத்தனையோ தூரம் முன்னால் ஓடும் என்று படித்தவள் நான்தான்!

கஞ்சி தடவி முடித்த நேரம், மடிக்கணினித் திரையில் கோடு நெளிய ஆரம்பித்தது. அழுத்த அலைகள். இன்னும் பத்து நிமிடத்தில் காற்று வரும் என்று உடனே புரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? திரையைப் படம் பிடித்தேன். பேராசிரியருக்கு அனுப்பினேன். கைப்பிடிச் சுவர் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுக்கத் தோன்றவில்லை.

புழுதியோடு காற்று வந்து விழுந்தது. கீழே பாவு பாம்பாய் முறுக்கியது.

"மேல இன்னா போட்டோ புடிச்சிகினு கீற? இறங்கி வாம்மா, ஜல்தி!" அண்ணனின் மனைவி அலறினார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். பொழுது சாயும்வரை மூவரும் இழை இழையாகப் பிரித்தோம். மூன்று சேலைக்கான பாவில் ஒரு சேலைக்கானது வீணாய்ப் போனது.

"உன் டப்பாவுக்கே தெரியலையாம்மா?" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

"தெரிஞ்சுதுண்ணா. பத்து நிமிஷம் முன்னாடியே."

"அப்ப வாய்ல இன்னா வச்சிகினு இருந்த?" என்றார் அவர் மனைவி. அண்ணன் ஒட்டிய அடுத்த இழையை எடுத்தார்.

அந்த வரைபடம்தான் என் ஆய்வேட்டிலேயே சிறந்தது என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கோ அதில் தெரிவதெல்லாம், நான் வாய் திறக்காத அந்தப் பத்து நிமிடம்தான்.