கோடு போட்டவர்

கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் அக்காவை, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பருமாகிய நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் தச்சு மேஸ்திரியின் மனைவி என்றே அறிவீர்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியை எழுத அக்கா போய் ஒரு வருஷம் ஆக வேண்டியிருந்தது என்பதில் எங்கள் குடும்பத்துக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அக்கா சுந்தரபாண்டியத்தில் பிறந்தார். எங்கள் தகப்பனார் குத்தகைக்கு நிலம் உழுதவர். தாயார் சீக்கிரம் இறந்துவிட்டதால் தம்பியாகிய என்னை அக்காதான் வளர்த்தார். அதற்காகவே ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். வீட்டிலிருந்தபடி அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போடமாட்டார், நகத்தால் கீறிக்கொள்வார். சுண்ணக்கட்டிக் கோடு தடியானது, அதில் எந்த ஓரத்தை வெட்டுவது என்று அடுத்த நிமிஷம் மறந்துபோகும் என்பார்.

அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது வீட்டின் பின்புறம் ஒரு தச்சுக் கொட்டகை இருந்தது. அத்தானின் ரம்பம் ஓடுவதைப் பார்க்கத் தெருவில் ஆள் நிற்கும். அளவுதான் அவருக்கு வராது. கல்யாணமான புதிதில் அவர் செய்த ஒரு பெஞ்சு ஆடியது. ஒரு காலைச் சீவினார். மறுபக்கம் ஆடியது. அதையும் சீவினார். பெஞ்சு குட்டையாகிக்கொண்டே வந்தது.

“இன்னும் ரெண்டு தடவ சீவுனா மணையாப் போட்டு உக்காந்துக்கிடலாம்” என்றார் அக்கா.

“ஏட்டி, அம்புட்டுத் தெரிஞ்சா நீயே அளந்து குடு!”

அக்கா புதிதாக நாலு கால்களை எடுத்து, அடியை ஒன்றுபோல் தட்டிச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். நேர்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து, கத்தி முனையால் நாலுக்கும் குறுக்கே ஒரே கோடு கீறினார். ஒவ்வொன்றாக அளந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு தப்பு வரும். ஒரே கோடு என்றால் தப்பினாலும் நாலும் சேர்ந்து தப்பும் என்பது அவர் எண்ணம். பெஞ்சு ஆடவில்லை. அன்றிலிருந்து கொட்டகையில் கோடு போடுவது அக்கா, அறுப்பது அத்தான் என்று ஆயிற்று.

அக்காவுக்கு அடிக்கோலில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஒரு சாமானுக்கு வேண்டிய அளவை எல்லாம் ஒரு மூங்கில் சிம்பில் வெட்டுக்குறியாகப் போட்டுக்கொண்டு, அதையே மரத்தில் வைத்துக் குறிப்பார். எண்ணைப் படித்து, நினைவில் வைத்து, மறுபடி குறிப்பதில்தான் தவறு நுழைகிறது என்பதை அவர் கண்டிருந்தார். சட்டம் கூட்டியபின், மூலைக்கு மூலை குறுக்கே குச்சியை வைத்துப் பார்ப்பார். இரண்டு குறுக்கும் ஒரே நீளமாக இருந்தால்தான் ஆணி. ஒவ்வொரு பலகையிலும் நல்ல பக்கத்தைத் தேர்ந்து சின்னச் சுழி ஒன்று போடுவார். பிறகு எல்லா அளவும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

அறுக்கும்போது அவர் சொல்வது ஒன்றே: “கோட்ட விட்டு அறுங்க.” கோடு மரத்தில் தங்க வேண்டும், ரம்பம் அதற்கு வெளியே போக வேண்டும் என்று பொருள். “ஊர்ல கோட்டை விட்டா ஏசுவாங்க, இவ என்னடான்னா தெனம் விடச் சொல்லுதா” என்று அத்தான் சிரிப்பார்.

இவ்வளவும் கொட்டகை வாசலில் தொங்கிய சாக்குப் படுதாவுக்கு உள்ளேதான் நடந்தது. வேலை கொடுக்க ஆள் வந்தால் அக்கா கத்தியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். பெண்பிள்ளை கோடு போட்ட சாமான் என்று தெரிந்தால் வேலை வராது என அத்தான் அஞ்சினார். அந்த அச்சம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அக்காவும் வாதாடவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

“ஒரே ஒரு ஆள்ட்டயாவது, இது எங்க வீட்டுக்காரி போட்ட கோடுன்னு சொல்லுங்க. பொறவு நான் கேக்கவே மாட்டேன்.”

“சொல்லுவோம், சொல்லுவோம்” என்பார் அத்தான்.

சொல்வதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தது. ராஜபாளையத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவருக்குக் கணக்கு எழுதும் சாய்மேசை செய்து, அத்தான் கொண்டுபோய் இறக்கினார். ராவுத்தர் மேசையைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கத்திக் கீறல்கள் தெரிந்தன.

“மேஸ்திரி, அறுத்த கை வேற, கோடு போட்ட கை வேற. உம்ம கை ஒலக்க. இது ஊசியில்லா! அந்த ஆளக் கூட்டிட்டு வாரும். கடைக்கு முன்னால பலகைக் கதவு போடணும், அவரே வந்து அளவெடுக்கட்டும்.”

அத்தான் இதை வீட்டில் வந்து சொன்னபோது நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அக்கா வெளுத்த சேலை ஒன்றை எடுத்து வைத்தார். மூங்கில் சிம்புகளைத் துணியில் சுற்றிக் கட்டினார். மறுநாள் காலை அவர் தலை வாரிக்கொண்டிருந்தபோதே அத்தான் பஸ்ஸுக்குப் போய்விட்டார். ராவுத்தரிடம், “அவன் காய்ச்சல்ல கெடக்கான்” என்று சொல்லிவிட்டுத் தாமே அளந்தார்.

சாயங்காலம் அக்கா கேட்டார்: “கீழ அகலம் எம்புட்டு?”

“மேல எம்புட்டோ அம்புட்டுதான்.”

“அளந்தியளா?”

“கீழ மூட்ட அடுக்கியிருந்துச்சு. எல்லாம் ஒண்ணுதான்.”

“குறுக்கு மூல பாத்தியளா?”

“பாத்தேன், பாத்தேன்” என்றார் அத்தான். பார்க்கவில்லை.

அக்கா அந்த அளவுக்குக் கோடு போட்டார். அத்தான் அறுத்தார். பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மேலும் கீழும் உள்ள காடியில் ஒவ்வொன்றாகச் செருகினார். கடைசிப் பலகை மேலே இடம் கண்டது, கீழே நுழையவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் கடைச்சுவர் கீழே போகப் போக உள்பக்கமாகத் தள்ளி வந்திருந்தது. தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்பார்கள். இங்கே தவறியது மூன்று நூல்.

ராவுத்தர் சிரித்துவிட்டார். “என்ன மேஸ்திரி, உம்ம ஆளு கோட்டை விட்டுட்டானே!”

“ஆமா ராவுத்தரே. அவந்தான் விட்டுட்டான். போய்ப் பேசிக்கிடுதேன்” என்றார் அத்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது இதை அவரே ஒரு வேடிக்கையாகச் சொன்னார். “நல்ல வேளட்டி, அப்படி ஒரு ஆளே இல்ல. இருந்தா என் சட்டையப் பிடிச்சிருப்பான்.”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. “இல்லன்னு யாரு சொன்னா?”

மறுநாள் அந்தப் பலகையில் சாய்வுக் கோடு போட்டுக் கொடுத்தவரும் அக்காதான். கதவு பொருந்தியது. ராவுத்தர் அதன்பின் வேறு தச்சரிடம் போகவில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் தேக்கு கிடைக்காமல் பழைய பெட்டி மரத்தில் வேலை ஓடியது. ஆணித் துளை இல்லாத இடம் பார்த்துக் கோடு போடுவது இரட்டை வேலை. மூச்சிரைப்பு வந்த பின்னும் அக்கா அதைச் செய்தார். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தெருவில் பிள்ளைப்பேறு என்றால் முதலில் போய் நிற்பார். ஆனால் அத்தானிடம் பழைய வேண்டுகோளை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. பிறகு கேட்கவே மாட்டேன் என்ற வாக்கை, அத்தான் தம் பங்கைச் செய்யாமலே, அக்கா காப்பாற்றிவிட்டார்.

கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். பேச வேண்டியதைப் பேசியிருக்கலாம். வேலை வரவில்லை, மழை வரவில்லை என்றே பேசினார்.

அடக்கத்தன்று ராவுத்தர் ராஜபாளையத்திலிருந்து வந்து, வாசல் பந்தலில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அருகில் இருந்தேன். ஆறுதலாக ஏதாவது பேச வேண்டுமே என்று மெதுவாகக் கேட்டார்.

“மேஸ்திரி, அந்தக் கோடு போடுற ஆளக் காணமே? ஒங்க வீட்டுல ஒரு துக்கம்னா வரவேண்டாமா?”

அத்தான் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

“வந்துருக்கா, ராவுத்தரே. உள்ள படுத்துருக்கா.”

ராவுத்தருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து உள்ளே போனார். பெட்டியின் தலைமாட்டில் கைகட்டி நின்றுவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அக்காவின் நோயில் இரவு பகல் பாராமல் வந்த வைத்தியருக்கும், ஜெபித்த போதகருக்கும், சபையாருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த தெருப் பெண்களுக்கும், கூலி வாங்காமல் பெட்டி செய்த தச்சருக்கும், ராவுத்தர் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. “அவ இருக்கும்போது போட்டிருக்கணும்” என்றார். அவருக்கும் எங்கள் நன்றி.