மாத்திரைக்குத் தெரியாத உபவாசம்

இந்த வருடம் புனித வெள்ளிக்குச் சித்தூர் போயே தீருவது என்று நான் லீவு வாங்கியதற்குக் காரணம் நைனா, என் அப்பா. எங்கள் சபையின் மும்மணி ஆராதனையில் அவர் பேசுவதாக இருந்தது. புனேயிலிருந்து ரயிலில் ரேணிகுண்டா, அங்கிருந்து பத்து கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில் திருப்பதி, பிறகு எழுபது கிலோமீட்டர் பஸ். இரண்டு மணி நேரம் ஆகும். ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டால் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

மலையில் மொட்டை போட்டுத் திரும்பிய பக்கத்து சீட்டுக்காரர், என்ன வேலை என்று கேட்டார். செல்களின் பசியைப் பற்றிய ஆராய்ச்சி என்றேன். ஒவ்வொரு செல்லிலும் எரிபொருள் இருப்பைக் கவனிக்கும் புரதங்கள் உண்டு. இருப்பு குறைந்தால் ஒன்று புது வேலையை நிறுத்தி, பழுதானதைப் பிரித்து உபயோகிக்கச் சொல்லும். நிறைந்தால் இன்னொன்று வளரச் சொல்லும். வயதாக ஆக இந்தக் கவனம் மந்தமாகி, செல்லுக்குள் குப்பை சேர்கிறது. அளவாகப் பசித்த புழுவும் எலியும் கூடுதலாக வாழ்ந்திருக்கின்றன, மனிதருக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது என்றேன். "லங்கணம் பரம ஔஷதம்னு சும்மாவா சொன்னாங்க" என்று திருப்தியாகத் தூங்கிவிட்டார்.

ஆராதனை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. அதுவரை யாரும் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடுவதில்லை. முடிந்ததும் கோவிலுக்குப் பின்னால் அண்டாவில் கஞ்சி தயாராக இருக்கும். பாதி ஆராதனையில் நைனாவைப் பார்த்தேன். ஃபேனுக்கு அடியிலேயே சட்டை நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. கைத்தாங்கலாகப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், காலையில் சுகர் மாத்திரை போட்டாரா என்று கேட்டேன்.

"மாத்திரை இன்னா சோறாடா? தண்ணி ஊத்தி முழுங்கிட்டேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. வெறும் பசி என்றால் உடம்பு தானாகச் சமாளித்துக்கொள்ளும். அவர் போடும் மாத்திரைக்கோ உபவாசம் தெரியாது, அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கஞ்சிக்கு வைத்திருந்த வெல்லத்தைக் கரைத்து நீட்டினேன். இத்தனை வருடத்தில் மூன்று மணிக்கு முன்னால் ஒரு வாய்கூடத் துன்னதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நைனா, நீ உபவாசம் இல்ல. அந்த மாத்திரை உன்ன பட்டினி போடுது."

 வாங்கிக் குடித்தார். வேர்வை அடங்கியதும், தடுத்தும் கேட்காமல், பேசப் போய்விட்டார்.

"நான் இப்பதான் வெல்லத்தண்ணி குடிச்சிட்டு வந்துக்கிறேன். மாத்திரை போட்டுக்கினு பட்டினியா வந்தவங்க எழுந்து பின்னால போய் கஞ்சி குடிங்க. கர்த்தர் கோச்சிக்க மாட்டார்."

யாரும் அசையவில்லை. எங்கள் சபையின் இளவட்டங்கள் எல்லாம் பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள், பெஞ்சுகளில் இருப்பது அவர்களுடைய அப்பா அம்மாக்கள். முதலில் ஒரு டீச்சரம்மா எழுந்தார். அப்புறம் முன்வரிசையே எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புனித வெள்ளிக்கு வருபவர்கள் முந்தின நாளே வந்துவிடுங்கள். மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். கஞ்சி வேண்டுமென்றால் மூன்று மணியை நம்பாதீர்கள். அண்டா அடியைச் சுரண்டித்தான் எனக்கு ஊற்றினார்கள், அவ்வளவு ருசியான கஞ்சியை நான் குடித்ததே இல்லை.